பல வருடம் வேதம் வாசித்தும் என் கோபம் ஏன் மாறவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பல வருடங்களாகத் தினமும் காலையில் நான்கு அதிகாரம் வாசிக்கிறீர்கள். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை முழு வேதாகமத்தையும் பலமுறை முடித்துவிட்டீர்கள். ஆனாலும் வீட்டில் உங்கள் கோபம் குறையவில்லை. பிள்ளைகள் உங்களைக் கண்டாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். "வேதவசனம் மனிதனை மாற்றும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன், அது உண்மையா, இல்லை பிரசங்கத்துக்காகச் சொல்வதா?" என்று கேட்டுவிட்டு, மொழிபெயர்ப்பை மாற்றினால் பயன் இருக்குமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்ததில், உங்களுக்கு வேதத்தின் மேல் பெரிய சந்தேகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வாசித்தும் மாறாத நான் உண்மையில் கிறிஸ்தவன்தானா என்ற பயம்தான் அந்த வரிகளுக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் இறையியல் படித்தவன். பல வருடங்களாகச் சபையில் வேதபாட வகுப்பு நடத்திவருகிறேன். உங்கள் கேள்வியை அந்த வகுப்பில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. வாசித்தாலே மனிதன் மாறிவிடுவான் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. இயேசுவின் காலத்தில் வேதத்தை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்களைப் பார்த்துத்தான், வாசிக்கிறீர்கள், ஆனால் ஜீவனை அடைய என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை என்று யோவான் 5-ஆம் அதிகாரத்தில் அவர் வருத்தப்படுகிறார். யாக்கோபு இன்னும் நேராகவே பேசுகிறார்: "நீங்கள் உங்களை வஞ்சியாதபடிக்குத் திருவசனத்தைக் கேட்கிறவர்களாய்மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்." கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, போனவுடனே தன் சாயல் என்னவென்று மறந்துவிடுகிறவனின் உதாரணம் இதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது. இந்த உதாரணத்தை வைத்துப் பல பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதற்கு மூன்று வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள், மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே." அதே பகுதியின் முடிவில், தன் நாவை அடக்காமல் தன்னைத் தேவபக்தியுள்ளவன் என்று எண்ணுகிறவனுடைய பக்தி வீண் என்று வருகிறது. அதாவது, வசனத்தைக் கேட்டும் மாறாத மனிதனைப் பற்றி யாக்கோபு எழுதும்போது, அவர் மனதில் முதலில் வருகிறவன் கோபக்காரன். உங்கள் கேள்வி கிட்டத்தட்ட அப்படியே அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பலமுறை அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். நாளுக்கு நான்கு அதிகாரம் என்ற வேகத்தில் போனால் தாண்டத்தான் தோன்றும்.

வாசிப்பு ஒருவரை எந்தத் திசையிலும் கொண்டுபோகும் என்பதற்கு நான் வகுப்பில் அடிக்கடி சொல்லும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் 1818-இல் அடிமையாகப் பிறந்தவர் ஃப்ரெட்ரிக் டக்ளஸ். 1838-இல் தப்பி வடக்கே போய், அடிமைமுறை ஒழிப்புக்காகப் பேசியவர்களில் முன்னணியில் நின்றார். அவருடைய எஜமான்களில் ஒருவர் தாமஸ் ஆல்ட். 1830-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு மெதடிஸ்ட் முகாம் கூட்டத்தில் அந்த எஜமான் மனந்திரும்பியதாகச் சாட்சி சொன்னார். அதன்பின் காலையும் மாலையும் வீட்டில் ஜெபம், வேத வாசிப்பு, ஊழியக்காரர்களுக்கு விருந்து எல்லாம் நடந்தது. இனியாவது தங்களை விடுதலை செய்வார், அது இல்லாவிட்டாலும் கொஞ்சம் இரக்கமாக நடத்துவார் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். நடந்தது வேறு. கைகள் தீயில் வெந்து ஊனமாகியிருந்த ஓர் இளம்பெண்ணைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்துக்கொண்டே, தன் எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் அதன்படி செய்யாத ஊழியக்காரன் "அநேக அடிகள் அடிக்கப்படுவான்" என்ற லூக்கா 12-ஆம் அதிகார வசனத்தை அவர் சொன்னார் என்று டக்ளஸ் எழுதியிருக்கிறார். பக்தி வந்தபின் அந்த மனிதர் முன்பைவிடக் கொடுமையானவர் ஆனார் என்பது டக்ளஸின் சாட்சி. காரணத்தையும் அவரே சொல்கிறார்: முன்பு அந்தக் கொடுமைக்குச் சாக்கு இல்லை, இப்போது வசனம் கிடைத்துவிட்டது.

அதே டக்ளஸ் சிறுவனாக பால்டிமோர் நகரத்தில் இருந்தபோது, தெருச் சாக்கடையோரம் கிடந்த வேதாகமத் தாள்களைப் பொறுக்கி, கழுவி, காயவைத்து வாசித்தார். அங்கே லாசன் என்று ஒரு வயதான கறுப்பினத்தவர் இருந்தார். ஜெபத்திலேயே வாழ்ந்தவர், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். சிறுவன் அவருக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தான். அவர் அந்த எழுத்தின் உள்ளே இருந்ததைச் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். தேவன் உன்னைப் பெரிய வேலைக்கு வைத்திருக்கிறார், தொடர்ந்து வாசி என்று தைரியம் சொன்னார். இருவரும் சந்தித்தால் அடி விழும் என்ற மிரட்டலும் இருந்தது. டக்ளஸ் பிற்காலத்தில் அடிமைமுறைக்குத் துணைநின்ற சபைகளைத் தாக்கிப் பேசியபோது, பெரும்பாலும் வேதத்தின் தீர்க்கதரிசிகளின் குரலிலேயே பேசினார். புத்தகம் ஒன்றுதான். ஒருவர் அதைத் தனக்குக் கீழே இருந்தவர்கள் மேல் வாசித்தார். மற்றவர் அதற்கு முன்னால் தானே நின்றார்.

நம் வீடுகளில் இவ்வளவு கொடூரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் இருக்கிறது. பிள்ளைகளைக் கண்டிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பாக்கள் உடனே சொல்வது நீதிமொழிகள் 13:24, "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." இரண்டே அதிகாரம் தள்ளி, "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்" என்று இருக்கிறது. கொலோசெயரில் பவுல் தகப்பன்மாரைப் பெயர் சொல்லி அழைப்பதுபோலவே எழுதுகிறார்: "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." முதல் வசனம் பிள்ளைகளுக்கு எதிராக நம் கையில் கிடைக்கிறது, மற்ற இரண்டும் நம்மைக் கேள்வி கேட்கின்றன. எதை மனப்பாடமாக வைத்திருக்கிறோம் என்று பார்த்தாலே நாம் எப்படி வாசிக்கிறோம் என்பது தெரிந்துவிடும். புத்தாண்டு இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில் கொலோசெயர் 3:21 வந்து நான் பார்த்ததில்லை. எரேமியா 29:11 வரும், அது அருமையான வசனம்தான். ஆனால் அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருடம் என்று காலம் குறித்திருக்கிறது. அதற்கும் முன்னால், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்து வாசிக்கிறவனுக்கு அந்த வசனம் ஆறுதலையும் தரும், வேலையையும் தரும்.

அப்படியானால் உங்கள் நான்கு அதிகாரம் வீணா? இல்லை, அதை விட்டுவிடாதீர்கள். முழு வேதாகமத்தையும் தெரிந்திருப்பது, ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து நமக்குச் சாதகமாக வைத்துக்கொள்வதிலிருந்து காப்பாற்றும். ஆனால் இது ஒருவகை வாசிப்பு, மனதை மாற்றும் வாசிப்பு இன்னொரு வகை. இரண்டாவதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனியைச் சேர்ந்த டீட்ரிக் போன்ஹோஃபர். இருபத்தோரு வயதிலேயே இறையியலில் முனைவர் ஆய்வை முடித்தவர், போதகர், பல்கலைக்கழக ஆசிரியர். 1936-இல் எழுதிய ஒரு கடிதத்தில், அவ்வளவு பிரசங்கம் செய்தும், சபையைப் பற்றி அவ்வளவு எழுதியும் தான் அதுவரை கிறிஸ்தவனாகியிருக்கவில்லை, வேதாகமம்தான், முக்கியமாக மலைப் பிரசங்கம்தான், தன்னை விடுவித்தது என்று ஒப்புக்கொள்கிறார். உங்கள் பயத்துக்கு இந்தக் கடிதம் ஒரு பதில் என்று நினைக்கிறேன். நிறைய வாசித்தவர்கள், வாசிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட, வெகுகாலம் கழித்துத்தான் வசனத்தைத் தங்களுக்குச் சொல்லப்பட்டதாகக் கேட்டிருக்கிறார்கள். அதுவரை வாசித்ததெல்லாம் பொய் என்று ஆகிவிடாது.

அவர் 1935-இல் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில், ஹிட்லருக்குப் பணியாத சபைக்காகப் போதகர்களைப் பயிற்றுவித்த ஒரு சிறு செமினரியை நடத்தினார். அங்கே காலையில் அரைமணி நேரம் எல்லாரும் அமைதியாக ஒரு சிறு பகுதியைத் தியானிக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க அதே பகுதி. பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கக் கூடாது, விளக்கவுரையைத் திறக்கக் கூடாது, இன்று இந்த வசனம் எனக்கு என்ன சொல்கிறது என்பது மட்டுமே. படித்த இளைஞர்கள்தான், ஆனாலும் ஆரம்பத்தில் பலருக்கு அது சலிப்பாகவும் சங்கடமாகவும் இருந்தது. மனம் எங்கெங்கோ ஓடியது. 1937-இல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்த இடத்தை மூடியபின்னும், சிதறிப்போன மாணவர்களுக்கு எழுதிய கடிதங்களில் இந்தத் தியானத்தை விட்டுவிடாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். மலைப் பிரசங்கத்தை அப்படி வாசித்தவர் அதன் விளைவிலிருந்து ஒதுங்கவில்லை. ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

ஒரே நாளில் ஒரே வசனத்தால் மாறினவர்களும் உண்டே என்று கேட்பீர்கள். ஆதி சபையின் பெரிய போதகர்களில் ஒருவரான அகுஸ்தீன் 386-இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசி என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டு, பவுலின் நிருபத்தைத் திறந்து ரோமர் 13-இன் கடைசி வசனங்களை வாசித்தார், அதோடு வாழ்க்கை திரும்பியது. அது உண்மைதான். ஆனால் இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். இளைஞனாக அவர் வேதத்தை முதலில் எடுத்தபோது அதன் நடை பிடிக்காமல் வைத்துவிட்டார். சுமார் ஒன்பது வருடம் வேறொரு மதக் குழுவோடு சுற்றினார். மிலானில் பிஷப் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டார். பவுலின் நிருபங்களை அதற்கு முன்பே கையில் எடுத்திருந்தார். தாய் மோனிக்கா அத்தனை காலமும் ஜெபித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் திறந்த பக்கத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் கழித்து, பிஷப் ஆனபின் எழுதிய புத்தகத்தில், இன்னும் தன்னை விடாத இச்சைகளையும் புகழாசையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வருந்துகிறார். மாறியவர்தான், ஆனால் முடிந்துபோன மாற்றம் என்று அவரே தன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்வேன்: தனியாக வாசிப்பது மட்டும் போதாது. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டுதான் போனார், பிலிப்பு ஏறி உட்கார்ந்தபின்தான் விளங்கியது. பண்டித ரமாபாயை எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தில் ஊறியவர், கல்கத்தா அறிஞர்களே பண்டிதை என்று பட்டம் கொடுத்தவர். அசாம் பக்கம் சில்சாரில் கணவரோடு வாழ்ந்தபோது வீட்டு நூலகத்தில் கிடைத்த லூக்கா சுவிசேஷத்தை வாசித்தார், ஈர்ப்பு வந்தது, அவ்வளவுதான். 1883-இல் இங்கிலாந்து போனபின், சமூகம் ஒதுக்கித்தள்ளிய பெண்களை லண்டன் ஃபுல்ஹாமில் கன்னியாஸ்திரீகள் அன்போடு பராமரிப்பதைப் பார்த்தார். ஏன் இவர்களுக்காக இவ்வளவு செய்கிறீர்கள் என்று கேட்டபோது, ஒரு சகோதரி யோவான் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து சமாரியப் பெண்ணின் கதையை வாசித்துக் காட்டினார். அந்த இடத்தில்தான் தன் இருதயம் தொடப்பட்டது என்று ரமாபாய் பிற்பாடு எழுதினார். அந்த வருடமே ஞானஸ்நானம். அதன்பின் விதவைகளுக்காக சாரதா சதன், பஞ்ச காலத்தில் அநாதையான பெண்களுக்காகப் புனே அருகே கேட்காவ்னில் முக்தி மிஷன், கடைசி வருடங்களில் முழு வேதாகமத்தையும் எளிய மராத்தியில் மொழிபெயர்க்கும் வேலை. அவருக்கு அந்த அதிகாரம் திறந்தது, அதன்படி நடந்துகொண்டிருந்த மனிதர்கள் பக்கத்தில் இருந்ததால். நம் சபைகளிலும் எழுத்தறியாத எத்தனையோ அம்மாக்கள், கேட்டுக் கேட்டே வசனத்தில் ஊறி, வீட்டையே தாங்கியிருக்கிறார்கள்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? நான்கு அதிகாரம் ஓடட்டும், வேண்டுமானால் இரண்டாகக் குறையுங்கள். கூடவே யாக்கோபு 1:19 முதல் 27 வரை ஒரு வாரம், தினமும் அதே ஒன்பது வசனங்கள், சத்தமாக. வாசித்து முடித்ததும் நேற்று வீட்டில் எந்த நேரத்தில், யாரிடம், எதற்காகக் குரல் உயர்ந்தது என்று ஒன்றே ஒன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் வேலை முடிந்து வந்த முதல் அரைமணி நேரமாகவோ, பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரமாகவோ இருக்கும். அந்த நேரத்துக்கு முன்னால் செய்ய ஒரு சிறு கீழ்ப்படிதலைத் தீர்மானியுங்கள்: பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பதில் பேசுவதில்லை என்பது போல. அடுத்த வாரம் மத்தேயு 5:21 முதல் 26 வரை. பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று அங்கே இருக்கிறது. தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் ஊரில் பழக்கம் இல்லைதான். ஆனாலும் கேளுங்கள், 'ஆனால் நீயும்' என்று சேர்க்காமல். அப்புறம், நீங்கள் எந்தப் பகுதியை வாசிக்கிறீர்கள் என்று உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள். மாற்றம் இருக்கிறதா என்று உங்களைவிட அவருக்கு முன்பே தெரியும். பிள்ளைகள் சீக்கிரம் நம்பிவிட மாட்டார்கள், அதற்காக அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதியை நான் துணிந்து சொல்வேன். இனி வருவதில் அவ்வளவு துணிவு இல்லை. ஒரே வகுப்பில் ஒரே பகுதியை வாசித்த இருவரில் ஒருவர் உடைந்து மாறுவதும், மற்றவர் அப்படியே எழுந்து போவதும் ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது. பரிசுத்த ஆவியானவர் செய்கிற வேலை என்று நான் விசுவாசிக்கிறேன். ஆனால் அது விசுவாச அறிக்கை, நிரூபித்துக் காட்டக்கூடியது அல்ல. மாறினவர்களிடத்திலும் எவ்வளவு வாசிப்பால் வந்தது, எவ்வளவு வயதால், நல்ல நண்பர்களால், அடிபட்ட அனுபவத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேதமே வாசிக்காத, பொறுமையான மனிதர்களும் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஆகவே இத்தனை நாளில் கோபம் போய்விடும் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல, மாறாததால் நீங்கள் கிறிஸ்தவன் இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் எனக்கோ வேறு யாருக்கோ இல்லை. தன் கோபத்தைப் பார்த்துத் துக்கப்படுகிறவரிடம் வசனம் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்றுதான் என் அனுபவத்தில் எண்ணுகிறேன்.

மொழிபெயர்ப்பைப் பற்றி: பழைய மொழிபெயர்ப்பு உங்களுக்கு மனப்பாடமாக இருந்தால் அதை விட வேண்டாம், ஜெபிக்க அதுதான் வாய்க்கு வரும். ஆனால் பழகிய வரிகள் காதில் விழாமலே போய்விடுவதும் உண்டு. ஒரு வாரத்துக்கு எடுத்த பகுதியை, 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பிலும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதற்கு மேல் மொழிபெயர்ப்பிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக, நான் மருத்துவர் அல்ல. உங்கள் கேள்வியில் கோபம் எந்த அளவுக்குப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறதென்றால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். குடி சம்பந்தப்பட்டிருந்தால் அதற்குத் தனியாக உதவி தேவை. மனைவி மேலோ பிள்ளைகள் மேலோ கை ஓங்கும் நிலை வந்திருந்தால், ஒரு வாரம் தியானித்துப் பார்க்கிறேன் என்று காத்திருக்க வேண்டாம். அவர்கள் பாதுகாப்பாக இருப்பதுதான் முதல் காரியம். பொறுத்துக்கொள் என்று அவர்களுக்கு வசனம் சொல்ல யாரையும் அனுமதிக்காதீர்கள். ஒரு மனநல ஆலோசகரிடமும், உங்கள் போதகரிடமும் இன்றைக்கே பேசிவிடுங்கள். யாக்கோபின் பகுதியை அதோடு சேர்த்து வாசிக்கலாம்.